குப்பைச் சுற்று

பெனாசிரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். கார் பந்தயம் கற்றுக்கொள்ள அவரிடம் வந்த பிள்ளைகள் முதல் மாதத்திலேயே இதைத் தெரிந்துகொண்டார்கள். பாதிப் பேர் கேட்பதை விட்டார்கள். மீதிப் பேர் வருவதையே விட்டார்கள். சென்னியப்பன் ஒருவன்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

கோயம்புத்தூருக்குத் தெற்கே, பந்தயத் தடத்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். அதுதான் குருகுலம். முப்பத்தைந்து வயதுகூட ஆகாத பெண்ணைக் குருவே என்று கூப்பிட யாருக்கு வாய் வரும்? எல்லோருக்கும் அவர் அக்கா. பல வருஷம் கார் ஓட்டி, கோப்பைகள் வாங்கி, போதும் என்று தோன்றிய ஒரு நாளில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தவர். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு வந்த பத்திரிகைக்காரர் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் புடிங்க" என்றாராம். அந்த மனிதர் சாயங்காலம் வரை ஷெட்டில் வேலை பார்த்துவிட்டுப் போனார். பேட்டி வரவில்லை.

சென்னி பள்ளிக்கூட நாளிலேயே கார்ட் ஓட்டத் தொடங்கியவன். தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டுகிற அந்தக் குட்டி வண்டியில் இரண்டு கோப்பை வாங்கினான். பிறகுதான் பெனாசிரிடம் வந்தான். வந்த வருஷமே முதல் கேள்வி.

"ஏனுங்க்கா, முன்னாடி போற வண்டிய எப்படி முந்தறது?"

பெனாசிர் ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் அவனை உட்கார வைத்துக்கொண்டு உக்கடத்துக்குப் போனார். அங்கே ஒரு டவுன் பஸ் கிளம்பியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு காந்திபுரம் வரை ஓட்டினார். பஸ் நின்றால் இவரும் நின்றார். புகையெல்லாம் சென்னியின் முகத்தில்தான்.

"பத்து எடத்துல முந்தியிருக்கலாமுங்க்கா" என்றான் இருமிக்கொண்டே.

"எத்தன எடத்துல டிரைவர் நம்மளப் பாத்தாரு?"

சென்னி யோசித்தான். "ரயில்வே ஸ்டேஷன் சிக்னல்ல மட்டும்."

"அப்ப முந்தறதுக்கு எடம் ஒண்ணுதான்."

அந்த வருஷம் புதியவர்கள் பிரிவில் அவன் முதலாவதாக வந்தான். அடுத்து ஒற்றை ஆள் கார். அதற்கடுத்து, நாம் ரோட்டில் பார்க்கிற கார்களையே பந்தயத்துக்காகப் பிரித்துக் கட்டி ஓட்டுகிற பிரிவு. அதில் கீழ் வகுப்பு, பிறகு மேல் வகுப்பு. மளமளவென்று ஏறினான். மகன் ஏறுவதைப் பீளமேட்டில் எரிந்த மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தன் கடையிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததோடு நிற்கவில்லை, முடிந்தவரை தோள் கொடுத்து ஏற்றியும் விட்டார். மேல் வகுப்போடு அவர் தோளும் கையிருப்பும் தீர்ந்தன.

பெனாசிரின் பிள்ளைகளை ஊரே கிண்டல் செய்கிற ஒரு பழக்கம் உண்டு. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பந்தயம் முடிந்து கட்டம் போட்ட கொடி விழுந்த பிறகு எல்லாக் கார்களும் ஒரு சுற்று மெதுவாக வரும். எஞ்சின் ஆறுவதற்கான சுற்று. அந்தச் சுற்றில் ஓட்டுநர்கள் வேலியோரமாக வந்து ஜனங்களுக்குக் கை காட்டுவார்கள். ஜெயித்தவன் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டுவான்.

பெனாசிரின் பிள்ளைகள் கை காட்டுவதில்லை. அவர்கள் வளைவுகளின் வெளியோரம் போவார்கள். பந்தய டயர் ஓட ஓடத் தேயும். தேய்ந்த ரப்பர் துணுக்குத் துணுக்காக உதிர்ந்து, உருண்டு, அந்த ஓரங்களில் குவிந்து கிடக்கும். பந்தயத்தின்போது தவறி அதில் ஏறினால் கார் வழுக்கி மண்ணுக்குப் போய்விடும். பந்தயம் முடிந்த பிறகு அதன்மேல் மெதுவாக ஓட்டினால், சூடான டயரில் அதெல்லாம் அப்பிக்கொள்ளும். கார் கனக்கும். கனம் எதற்கு? பந்தயம் முடிந்ததும் ஓட்டுநரோடு சேர்த்துக் காரை எடை போடுவார்கள். குறித்த எடைக்கு ஒரு கிராம் குறைந்தாலும் அன்றைய ஓட்டம் செல்லாது.

விதியில் இதற்குத் தடை இல்லை. பெரிய பெரிய நாடுகளில் பெரிய பெரிய ஆட்களும் செய்கிறதுதான். ஆனால் நம் ஊரில் கை காட்டுகிற சந்தோஷத்தை விட்டுவிட்டுக் குப்பை பொறுக்க யாருக்கு மனசு வரும்?

"மாநகராட்சி வண்டி வருது, வழிவுடுங்கப்பா" என்று மற்ற டீம்காரர்கள் கத்துவார்கள். சென்னிக்குக் காது சுடும்.

"நம்ம வண்டி எப்பவுமே எடை கூடத்தானே இருக்குது. எதுக்குங்க்கா பொறுக்கணும்?" என்று ஒரு முறை கேட்டான்.

"அடுத்த தடவ இன்னும் மெதுவாப் பொறுக்கு" என்றார் பெனாசிர்.

அதற்குப் பிறகு இதைப் பற்றி மட்டும் அவன் கேட்கவில்லை.

மேல் வகுப்பில் அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம். புள்ளிக் கணக்கில் சென்னியும் ருத்ரேஷ் என்கிற சென்னைப் பையனும் சரிசமம். எவன் முன்னால் வருகிறானோ அவனுக்குப் பட்டம். பட்டம் வாங்குகிறவனை ஒரு டயர் கம்பெனி தன் செலவில் மலேசியாவுக்கு அனுப்பி ஒரு வருஷம் முழுக்க ஓட வைக்கும். ருத்ரேஷுக்கு இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம். சென்னிக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. ஜெயித்தால் மலேசியா, தோற்றால் காயில் கடை. அப்பா இதைச் சொல்லவில்லை. சொல்லாமலேயே இருவருக்கும் தெரிந்திருந்தது.

முந்தின நாள் சென்னி மெக்கானிக் ஆறுச்சாமியிடம் போனான். எடை குறையாமல் இருக்க, சீட்டுக்கு அடியில் இரும்புத் தகடுகளை போல்ட் போட்டு முறுக்கி வைப்பது ஆறுச்சாமியின் வேலை. குறித்த எடைக்கு மேல் மூன்று கிலோ கூட வைப்பது அவருடைய வழக்கம்.

"அண்ணா, ரெண்டு கிலோ கழட்டிடுங்க."

"மூணு கிலோ மிச்சமிருந்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும் தம்பி."

"ருத்ரேஷ் வண்டியில ஒரு கிலோகூட மிச்சம் வெக்கறதில்லீங்ணா. கனம் கொறஞ்சா வேகம் கூடும். நமக்கு ஒண்ணு போதும்."

ஆறுச்சாமி பெனாசிரைப் பார்த்தார். "என்ன அம்மிணி இது?"

"ஓட்டறது அவன்" என்றார் பெனாசிர்.

ஆறுச்சாமி முணுமுணுத்துக்கொண்டே தகட்டைக் கழற்றினார்.

மறுநாள் நல்ல வெயில். ருத்ரேஷ் முதலில், சென்னி இரண்டாவதாகக் கிளம்பினார்கள். பாதிப் பந்தயம் வரை அப்படியேதான் போனது. இடையில் ஒரு முறை இருவரும் டாக்டர் பரந்தாமனை ஒரு முழுச் சுற்று முந்திப் போனார்கள்.

டாக்டர் பரந்தாமன் ஈரோட்டுக்காரர், பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டியவர். கார் மேல் தீராத ஆசை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் வருவார், ஒவ்வொன்றிலும் கடைசியாக வருவார். வளைவு வந்துவிட்டால் பல் பிடுங்குகிற மாதிரி பிரேக்கை மிதிப்பார். சக்கரம் சுற்றாமல் தேய்ந்துகொண்டே போகும், வெள்ளைப் புகை கிளம்பும். வேகமானவர்கள் பின்னால் வந்தால் மட்டும் கண்ணாடியில் பார்த்து மரியாதையாக ஒதுங்கிவிடுவார். அன்றும் ஒதுங்கினார்.

"இவரெல்லாம் எதுக்குங்க்கா ஓட்டறாரு" என்றான் சென்னி, தடத்தோரம் நின்ற பெனாசிரிடம் ரேடியோவில்.

கடைசிக்கு முந்தின சுற்றில் ருத்ரேஷ் ஒரு வளைவில் சற்று அகலமாகப் போனான். சென்னி உள்ளே நுழைந்தான். ருத்ரேஷும் விடவில்லை. இரண்டு காரும் உரசின. சென்னியின் முன் பம்பர் பாதி பிய்ந்து காற்றில் பறந்தது. கார் ஆடியது, நேரானது, முன்னால் வந்தது. அப்படியே கொடி வரை முன்னாலேயே வந்தது.

"அக்கா! ஜெயிச்சுட்டேங்க்கா!"

பெனாசிருக்குப் பக்கத்தில் ஆறுச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "போன பம்பர் எப்படிப் பாத்தாலும் ரெண்டு கிலோ அம்மிணி. நம்மகிட்ட மிச்சம் இருந்தது ஒண்ணு." விழுந்த பாகத்தைக் கொண்டுவந்து வைத்து எடை போடுகிற வழக்கம் அங்கே இல்லை.

"பாத்தேன் கண்ணு" என்றார் பெனாசிர் ரேடியோவில். "குப்பைக்குப் போ."

"அப்பா வேலிகிட்ட நிக்கறாருங்க்கா. இன்னிக்கு ஒரு நாள் கை காட்டிட்டு..."

"அப்பா எங்கயும் போயிட மாட்டாரு. பம்பர் பாதி இல்லை உனக்கு. ஓரத்துக்குப் போ."

நேற்றுக் கழற்றச் சொன்ன தகடு அவன் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

"கோனியம்மா, நீதான் காப்பாத்தணும்" என்று ஊர்த் தெய்வத்தைக் கூப்பிட்டான் சென்னி. காரை ஓரத்துக்குத் திருப்பினான்.

அந்தத் தடம் அதுவரை அப்படி ஒரு வெற்றிச் சுற்றைப் பார்த்ததில்லை. இரண்டாவதாக வந்தவன் முதல் கடைசியாக வந்தவர் வரை எல்லோரும் வேலியோரம் கை காட்டிக்கொண்டு போனார்கள். முதலாவதாக வந்தவன் எதிர்ப் பக்கத்தில், வளைவு வளைவாக, தலையைக் குனிந்துகொண்டு குப்பை பொறுக்கிக்கொண்டு வந்தான். மாநகராட்சி வண்டி என்று ஒருவர் கத்தினார், நிறையப் பேர் சிரித்தார்கள். துணுக்குகள் சக்கர வளைவில் அடித்துத் தடதடத்தன. அந்தச் சத்தம் கூடக்கூட அவனுக்குத் தெம்பு வந்தது. குறைந்தால் இன்னும் ஓரமாகத் திருப்பினான்.

எடை போடுகிற இடத்தில் கூட்டம். ருத்ரேஷ் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தான். அவன் கண் பிய்ந்த பம்பர் மேலேயே இருந்தது. அப்பா கூட்டத்துக்குப் பின்னால் எக்கி எக்கிப் பார்த்தார்.

கார் எடை மேடையில் ஏறியது. சென்னி உள்ளே அசையாமல் உட்கார்ந்திருந்தான். அதிகாரி எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எறக்கி ஏத்துங்க."

இறக்கி ஏற்றினார்கள். அதே எண்.

"நானூறு கிராம் கூட இருக்கு" என்றார் அதிகாரி. "சரியா இருக்கு. போகலாம்."

ஆறுச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ருத்ரேஷ் ஜன்னலருகே வந்து கையை நீட்டினான். "மலேசியாவுல கலக்கு மச்சி" என்றான். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, ஆனாலும் சொன்னான். அப்பா மகனுடைய ஹெல்மெட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் பரிசளிப்பு. அதற்கு முன்னால் ஏற்பாட்டாளர் ஒருவர் ஷெட்டுக்கு வந்தார்.

"மேடையில ரெண்டு நிமிஷம் பேசணும் தம்பி. நன்றி சொல்ல வேண்டியவங்களுக்கு எல்லாம் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சென்னி பெனாசிரிடம் வந்தான். "யார் யாருக்குங்க்கா நன்றி சொல்லணும்?"

"நீ என்ன நெனச்சிருக்கே?"

"அப்பாவுக்கு. உங்களுக்கு. ஆறுச்சாமியண்ணனுக்கு."

"அவ்வளவுதானா?"

"வேற யாருங்க்கா இருக்காங்க? மத்தவங்க எல்லாம் என்னைத் தோக்கடிக்கத்தான வந்தாங்க."

பெனாசிர் எழுந்து போய் இரண்டு வாளி கொண்டுவந்தார். பட்டி பார்க்கிற தகடு ஒன்றை அவன் கையில் கொடுத்தார். சென்னியின் காரிலிருந்து நான்கு சக்கரங்களையும் கழற்றி ஷெட் வாசலில் படுக்க வைத்திருந்தது. அவற்றைக் காட்டினார்.

"ஒட்டியிருக்கறதை எல்லாம் சுரண்டு. உன்னோட டயர்ல இருந்து உதிர்ந்தது இந்த வாளியில. மத்தவங்களோடது அந்த வாளியில."

"பட்டம் வாங்கின அன்னிக்குமாங்க்கா?"

"அன்னிக்குத்தான்."

சென்னி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். முதல் துணுக்கைச் சுரண்டி எடுத்தான். கறுப்பாக இருந்தது. இரண்டாவதும் கறுப்பு. சிலது நூல் மாதிரி நீளமாக வந்தது, சிலது மிளகு மாதிரி உதிர்ந்தது. கல்லில் தீய்ந்த தோசை மாதிரி சிலது விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே கம்பெனி டயர். எல்லாம் ஒரே நிறம், ஒரே வாசனை. ஒரு துணுக்கை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஏதோ ஒரு வாளியில் போட்டான். அடுத்ததையும் அதிலேயே போட்டான்.

அப்போது டாக்டர் பரந்தாமன் வந்தார். தன்னுடைய தேய்ந்த டயர் ஒன்றை உருட்டிக்கொண்டே வந்தார்.

"வாழ்த்துகள் தம்பி! நான் ஒதுங்கினது சரியா இருந்துச்சா? உங்க ரெண்டு பேருக்கும் எடஞ்சல் ஆயிடக் கூடாதுன்னு பயந்துட்டே இருந்தேன்."

"சரியா இருந்துச்சுங்க டாக்டர்."

"இதைப் பாருங்க." டயரைத் திருப்பிக் காட்டினார். ரப்பர் போய் உள்ளே நூல் தெரிந்தது. "புதுசா மாட்டின டயர். வளைவுக்கு வளைவு பிரேக்கை அமுக்கி, பாதியை அங்கேயே தேய்ச்சு உட்டுட்டேன். எல்லாம் ரோட்டோரமாக் கெடக்குது. வீட்டுல இன்னிக்கு எனக்கு அர்ச்சனைதான்."

சத்தமாகச் சிரித்துவிட்டு டயரை உருட்டிக்கொண்டு போனார். அன்றும் கடைசியாகத்தான் வந்திருந்தார். பரிசளிப்பு முடிகிற வரை இருந்து, எல்லோருக்கும் கைதட்டிவிட்டுத்தான் ஈரோட்டுக்குக் கிளம்புவார்.

சென்னி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாளியைப் பார்த்தான். உள்ளே கையை விட்டு அள்ளினான். பம்பரோடு குறைந்த ஒரு கிலோவை ஈடுகட்டியது ஐந்து கை இருக்குமா? அந்த ஐந்து கை யாருடையது? டாக்டருடையதாக இருக்கலாம். தன்னை விடாமல் துரத்தி உரசிய ருத்ரேஷுடையதாகவும் இருக்கலாம். இரண்டாவது சுற்றிலேயே மண்ணில் இறங்கி அழுதுகொண்டு நடந்து வந்த ஒரு புதுப் பையனுடையதாகவும் இருக்கலாம். அவன் பெயர்கூட சென்னிக்குத் தெரியாது.

மலேசியா போகப்போகிறவன் ஷெட் வாசலில் உட்கார்ந்து அழுதான். துக்கம் ஒன்றும் இல்லை. ஜெயித்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் கரியானது.

மைதானத்துப் பக்கம் ஒலிபெருக்கி கரகரத்தது. பெனாசிர் வந்து நின்றார். ஒரு வாளி நிறைந்திருந்தது. இன்னொன்று காலியாக இருந்தது.

"என்ன கண்ணு, ஒண்ணு காலியா இருக்குது?"

"எது யாருதுன்னு தெரியலைங்க்கா."

"உன்னோடதாவது தெரியுதா?"

"அதுவும் இதுக்குள்ளதான் இருக்குது. தனியா எடுக்க முடியலைங்க்கா."

பெனாசிர் குனிந்து தன் துப்பட்டா முனையால் அவன் முகத்துக் கரியைத் துடைத்தார். முழுசாகப் போகவில்லை. மேடையில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கைதட்டல் கேட்டது. சென்னி எழுந்தான். ஆனால் நகரவில்லை.

"இப்ப நான் யாருக்குங்க்கா நன்றி சொல்றது?"

"அப்பா பேரச் சொல்லிடு, இல்லீன்னா மனசு சங்கடப்படுவாரு" என்றார் பெனாசிர். "அப்புறம் யாரு பேரும் வேண்டாம். மைக்கை நல்லாப் புடிச்சுக்க. கடைசியா வந்தவருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."